முட்டம் போவதற்குள் ஒரு கேமரா

2 ஜனவரி 2025, வியாழன்

இன்றைக்கு நாற்பது பெட்டி ரிஜெக்ட். மாத்திரை அட்டையின் பின்பக்கத் தாளில் ஊசி முனை அளவுக்கு ஓட்டை. "இது யாருக்கும்மா தெரியப்போவுது?" என்றார் மேனேஜர். எனக்குத் தெரிந்ததே, அது போதாதா?

மதியம் சாப்பிடும்போது ஜஹபர் நிஷா போனை நீட்டினாள். டிக்கெட். பிப்ரவரி 9, ஞாயிறு, கன்னியாகுமரி ரயில், இரண்டு பேருக்கும் கீழ் பெர்த். அவள் பேக்கிங் பிரிவு, நான் தரக் கட்டுப்பாடு. பத்தொன்பது வருஷமாக ஒரே டிபன் பாக்ஸில் கை வைக்கிறோம். ஆனால் பாண்டிச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டை கேட்டைத் தாண்டி இரண்டு பேரும் சேர்ந்து எங்கும் போனதில்லை. வருகிற மாதம் போகிறோம். முட்டம். பாறை, கடல், சூரியன் மறைவது. வீட்டு ஆட்கள் ஒருவரும் கிடையாது.

அதற்குள் ஒரு கேமரா வாங்க வேண்டும். போன் இல்லை, நிஜக் கேமரா. இருபத்திரண்டு வருஷமாக இந்தக் கண் குறையை மட்டும்தான் பார்த்திருக்கிறது. ஓட்டை, கீறல், மங்கல் அச்சு. ஒரு தடவையாவது நன்றாக இருப்பதை நின்று பார்க்க ஆசை. வெளியே சொன்னால் சிரிப்பார்கள். அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

4 ஜனவரி, சனி

நேரு வீதியில் ஒரு கேமரா கடை. விற்கிற ஆள் வினோத்குமார் என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தான். டி.எஸ்.எல்.ஆர். வேண்டும் என்றேன். அவன் முகத்தில் ஓர் இரக்கம்.

"அதெல்லாம் இப்ப யாரும் வாங்கறதில்ல மேடம். மிரர்லெஸ் எடுத்துக்குங்க. இனிமே அதுக்குத்தான் லென்ஸே வரும்."

"அப்போ அலமாரியில இந்த மூணு எதுக்கு?"

"அது... கேக்கறவங்களுக்கு."

கேட்கிறவள் நான்தானே! மிரர்லெஸ்ஸில் கண்ணை வைத்தால் உள்ளே ஒரு குட்டித் திரை. திரை எதை வேண்டுமானாலும் காட்டும். டி.எஸ்.எல்.ஆரில் ஒரு கண்ணாடி, அதன் வழியே நேராகக் கடல். எனக்கு நேராகப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

லென்ஸ் கேட்டேன். "லேண்ட்ஸ்கேப்புன்னா வைட் ஆங்கிள். டிராவலுக்கு ஜூம். ஆளுங்கள எடுக்க அம்பது எம்.எம். மூணும் எடுத்துட்டா பிரச்சனயே இல்ல மேடம்." பிரச்சினை யாருக்கு இல்லை என்று அவன் சொல்லவில்லை. முக்காலி இலவசம் என்றதும் அதன் காலை அமுக்கிப் பார்த்தேன். ஆடியது. கிளம்பிவிட்டேன்.

5 ஜனவரி, ஞாயிறு

யூடியூபில் ஆறு பேர் பேசியதைக் கேட்டேன். ஆறு பேரும் ஆறு கேமராவைச் சொல்கிறார்கள், ஆறு பேருடைய வீடியோவுக்குக் கீழேயும் வாங்குவதற்கு லிங்க். நாம் அதில் வாங்கினால் அவர்களுக்குக் கமிஷன். இதை ஒருவர் மட்டும் வாயைத் திறந்து சொன்னார். அவரையாவது நம்பலாமா என்றால், எடுத்துக் காட்டுகிற படமெல்லாம் சுவிட்சர்லாந்து மலை. அந்த மலையை எதில் எடுத்தால் என்ன, நன்றாகத்தானே இருக்கும்? எங்கள் ஊர்க் கருவடிக்குப்பம் ரோட்டை எடுத்துக் காட்டட்டும், நம்புகிறேன்.

ஆறு பேரும் ஒத்துப்போகிற இடங்களை மட்டும் குறித்துக்கொண்டேன். கேமரா பாடி பழையதாக இருந்தால் பரவாயில்லை, லென்ஸ் நல்லதாக இருக்க வேண்டும். பயணத்துக்குச் சாதாரண 18-55 ஒன்று. கடலுக்கும் வானத்துக்கும் 10-20 போல அகலமாக ஒன்று. கனமாக இருந்தால் வீட்டிலேயே தங்கிவிடும்.

ஆக, செகண்ட் ஹேண்ட். பாண்டிச்சேரியில். நவம்பர் கடைசியில் வந்த புயலுக்குப் பிறகு! பாதி ஊர் முழங்கால் தண்ணீரில் நின்றது. அந்தத் தண்ணீரில் முங்கிய பிரிட்ஜும் வாஷிங் மெஷினும் துடைத்துப் பளபளவென்று இன்னும் விற்பனைக்கு வந்துகொண்டிருக்கின்றன. கேமரா மட்டும் மிதந்திருக்குமா?

7 ஜனவரி, செவ்வாய்

கோபிநாத்திடம் கேமரா விஷயத்தைச் சொன்னேன். "வாங்கிக்கயேன்" என்றார். கட்டிய நாளிலிருந்து என் கணவர் எதற்கும் ஒரே வார்த்தையில் சரி சொன்னதில்லை. என்ன விஷயம்?

8 ஜனவரி, புதன்

நிஷா அவளாகவே ஆரம்பித்தாள். "எந்தம்பி சிராஜ்கிட்ட ஒண்ணு இருக்குது சங்கரி. மஞ்ச எழுத்துல பேர் போட்டிருக்குமே, அந்தக் கம்பெனி. கூடவே ரெண்டு லென்ஸ், பதினெட்டு அம்பத்தஞ்சு, பத்து இருவது. உனக்குன்னா கம்மியாவே குடுத்துடுவான்."

நான் குறித்து வைத்த அதே இரண்டு லென்ஸ். நான் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. வேறு யாராக இருந்தாலும் அதிர்ஷ்டம் என்பார்கள். எனக்குச் சந்தேகம் வந்தது. அவள் சொன்ன விலை கம்மி இல்லை, ரொம்பக் கம்மி. ஏன்?

சிராஜுதீன் 2019இல் ஷார்ஜா போனார். அன்றைக்கு நிஷா என் தோளில் சாய்ந்து அழுதாள். போன ஆகஸ்டில்தான் திரும்பி வந்தார். இப்போது வீடு ரெயின்போ நகரில். ரெயின்போ நகர்! மழை வந்தால் முதலில் தண்ணீர் நிற்கிற இடம்.

9 ஜனவரி, வியாழன்

வேலை விட்டு நெல்லித்தோப்பில் இருக்கிற வீட்டுக்கு நேராக வராமல் ரெயின்போ நகர் வழியாகச் சுற்றி வந்தேன். சிராஜ் வீட்டைக் கண்டுபிடித்தேன். காம்பவுண்டுச் சுவரில் தண்ணீர் நின்ற பழுப்புக் கோடு, என் இடுப்பு உயரத்துக்கு. ஸ்கூட்டியை நிறுத்தி, யாரும் பார்க்காதபோது கையை வைத்து அளந்தேன்.

கேமராவைத் தரையில் வைத்திருந்தாரா, பரணில் வைத்திருந்தாரா? இதை எப்படி மரியாதையாகக் கேட்பது?

10 ஜனவரி, வெள்ளி

நேரடியாகக் கேட்காமல் ஒரு வழி கண்டுபிடித்தேன். அந்தக் கேமராவில் எடுத்த ஒரு படத்தை இன்டர்நெட்டில் ஒரு பக்கத்தில் போட்டால், ஷட்டர் அதுவரை எத்தனை தடவை திறந்து மூடியது என்று சொல்லிவிடுமாம். காரில் ஓடிய கிலோமீட்டர் போல. படத்தோடு அந்தக் கணக்கும் ஒட்டிக்கொண்டே வரும்.

"ஒரு படம் அனுப்பச் சொல்லுடி" என்றேன். சாயங்காலமே வாட்ஸ்அப்பில் வந்தது. செம்பருத்திப் பூ. பக்கத்தில் போட்டேன். "தகவல் எதுவும் இல்லை."

எதுவுமே இல்லை. தேதிகூட இல்லை. யாரோ உட்கார்ந்து துடைத்திருக்கிறார்கள். ஒன்றுமில்லாததை யார் துடைப்பார்கள்?

12 ஜனவரி, ஞாயிறு

கோயம்புத்தூரிலிருந்து பாரதி பேசினாள். மகளிடம் துப்பறிந்ததைப் பெருமையாகச் சொன்னேன். சிரித்துச் சிரித்து அவளுக்கு இருமலே வந்துவிட்டது. "அம்மா, வாட்ஸ்அப்புல படமா அனுப்புனா அதுவே எல்லாத்தையும் எடுத்துடும்மா. டாக்குமென்ட்டா அனுப்பச் சொல்லு."

அப்படியே அனுப்பச் சொன்னேன். வந்தது. 41,306.

எனக்கு வெட்கமாக இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நாற்பத்தோராயிரம்? ஷார்ஜாவில் ஒரு பில்டிங் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்த மனுஷன் நாற்பத்தோராயிரம் தடவை எதை எடுத்தார்?

14 ஜனவரி, செவ்வாய்

பொங்கல். பால் பொங்கி வழிந்ததைப் போனில் எடுத்தேன். மங்கல்.

17 ஜனவரி, வெள்ளி

நிஷா கேமராவைக் கேன்டீனுக்குக் கொண்டு வந்தாள். துணிப்பைக்குள் சில்வர் டப்பா, டப்பாவுக்குள் கேமரா. சுற்றிலும் சிலிகா ஜெல் பொட்டலங்கள். பார்த்ததும் தெரிந்தது, எங்கள் கம்பெனி பொட்டலம்! மாத்திரை பாட்டிலுக்குள் ஈரத்தை இழுக்கப் போடுவது. சிராஜுக்கு இது எப்படிக் கிடைத்தது? "வேஸ்ட்டுல போறதுதானே, நான்தான் குடுத்தேன்" என்றாள் நிஷா, என் முகத்தைப் பார்க்காமல்.

நான் என் வேலையைச் செய்தேன். ஸ்க்ரூவில் துரு இருக்கிறதா, பேட்டரி அறையில் பச்சை பூத்திருக்கிறதா, ரப்பர் பிடி உப்பியிருக்கிறதா. மோந்தும் பார்த்தேன். சாக்கடைத் தண்ணீர் வாசம் போகவே போகாது. ஒன்றும் இல்லை, சில்வர் டப்பா வாசம்தான். தோள் பட்டை மட்டும் புத்தம் புதுசு. பழைய பட்டை எங்கே?

அதைவிட ஒன்று. சின்ன லென்ஸைக் கழற்றி அகல லென்ஸை மாட்டிக் காட்டினாள். கேமராவின் வாயைக் கீழே பார்க்கிற மாதிரி பிடித்து, இரண்டு விநாடியில், என்னிடம் பேசிக்கொண்டே. நான் ஆறு வீடியோ பார்த்தும் அப்படிப் பிடிக்க வேண்டும் என்று நேற்றுதான் தெரிந்துகொண்டேன், தூசி விழாமல் இருக்க. தம்பியின் கேமராவில் இவளுக்கு இத்தனை பழக்கமா?

"ஒரு வாரம் வச்சிப் பாரு. புடிக்கலன்னா திருப்பிக் குடு" என்றாள்.

19 ஜனவரி, ஞாயிறு

காலை ஏழரை வரை கடற்கரைச் சாலையில் வண்டி விடமாட்டார்கள். ஆறு மணிக்கே போய்விட்டேன். அகல லென்ஸை மாட்டிக் காந்தி சிலையைப் பார்த்தால் சிலை விரல் நகம் அளவுக்கு இருக்கிறது. மீதியெல்லாம் வெறும் வானம். கடல் ஒரு கோடு. இதற்கா இவ்வளவு பேச்சு? லென்ஸில் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். சாதா லென்ஸில் எடுத்தது போனில் எடுத்த மாதிரியே இருந்தது. இதுவும் சந்தேகம்தான்.

வீட்டுக்கு வந்து அகல லென்ஸுக்குள் டார்ச் அடித்துச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். ஓரத்தில், வெள்ளையாக, பஞ்சு நூல் மாதிரி ஒன்று.

பூஞ்சை!

உண்மையைச் சொல்ல வேண்டும், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கோபிநாத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன். "தாலி கட்டுறப்பவே அதை வெளிச்சத்துல புடிச்சிப் பாத்தவ நீ" என்று சொல்லிவிட்டு டிவிக்குத் திரும்பிவிட்டார்.

20 ஜனவரி, திங்கள்

நிஷாவிடம் பூஞ்சையைச் சொன்னேன். அவள் திடுக்கிடவில்லை. "அது ஓரத்துலதான் இருக்குது. எஃப் எட்டுல வச்சி, லென்ஸ் துவாரத்த சின்னதாக்கி எடுத்தா படத்துல தெரியாது" என்றாள்.

எப்படித் தெரியும் இவளுக்கு? நான் கேட்பதற்குள் சைரன் அடித்தது, ஓடிவிட்டாள். சைரனுக்கு இப்படி ஓடுகிறவள் இல்லை.

22 ஜனவரி, புதன்

அழித்த படங்களைத் திரும்ப எடுக்க ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. கேமராவோடு வந்த மெமரி கார்டு காலியாக இருந்தது. ஆபீஸ் கம்ப்யூட்டரில் போட்டேன்.

செய்திருக்கக் கூடாது என்று இப்போது எழுதுகிறேன். அப்போது கை நிற்கவில்லை.

முந்நூற்றுப் பதினேழு படம் வந்தது. படகு, வலை, காகம், நுரை, படகு. ஒன்றில் பெயர்ப்பலகை, கனகசெட்டிக்குளம், ஊருக்கு வடக்கே இருக்கிற மீனவக் கிராமம். தேதிகளை நோட்டில் வரிசையாக எழுதினேன். 2021, 2022, 2023. அந்த மூன்று வருஷமும் சிராஜ் ஷார்ஜாவில்!

அப்படியென்றால் கேமரா அவருடையது இல்லை. கனகசெட்டிக்குளத்தில் யாரோ ஒரு படக்காரருடையது. அது இவர்கள் கைக்கு எப்படி வந்தது? ரொம்பக் கம்மி விலை. புதுப் பட்டை. அழித்த கார்டு. நிஷா, நிஷா, என்னடி இது.

24 ஜனவரி, வெள்ளி

கேட்டுவிட்டேன்.

தனியாகக் கேட்டிருக்கலாம். கேன்டீனில், பக்கத்து மேசையில் நாலு பேர் இருக்கும்போது, நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு கேட்டேன். தேதி ஒன்றொன்றாகப் படித்தேன். கடைசியில், "இது யாரோட கேமரா நிஷா? திருட்டுப் பொருளா?" என்றேன். அந்த வார்த்தை என் வாயிலிருந்துதான் வந்தது. நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள், என்னை இல்லை, அவளை.

அவள் டிபன் பாக்ஸை மூடினாள். "எந்தம்பி கேமராதான். ஷார்ஜா போறப்ப எங்கிட்ட குடுத்துட்டுப் போனான். வந்தப்புறம் நீயே வச்சிக்கன்னுட்டான். அந்தப் படமெல்லாம் நான் எடுத்தது."

"நீயா?"

"நான்தான். அஞ்சு வருசமா, ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை."

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"சொன்னேனே. மொதப் படத்த பிரிண்ட் போட்டு உங்கிட்டதான் கொண்டாந்து குடுத்தேன். நீ இன்னா சொன்ன தெரியுமா? கடல் கோணலா இருக்குதுன்ன. அவ்ளோதான் சொன்ன. அப்பறம் நான் யாருக்கும் காட்டல."

நான் நோட்டை மூடினேன். அவளே தொடர்ந்தாள், மெதுவாக. "புதுசா ஒண்ணு வாங்கிக்கலாம், இத உனக்குக் குடுத்துடலாம்னு பாத்தேன். முட்டத்துல வச்சி சொல்லலாம்னு இருந்தேன். நீ எடுக்கறப்ப பக்கத்துல நின்னு." பிறகு எழுந்தாள். "கேமராவ வச்சிக்க. ரிஜெக்ட்டுன்னா திருப்பிக் குடு. டிக்கெட்ட கேன்சல் பண்ணிடறேன்."

இன்னா பொம்பள நான்?

25 ஜனவரி, சனி

நினைவே இல்லை. ஒரு படம் கொடுத்ததும் இல்லை, நான் சொன்னதும் இல்லை. ஒருவேளை அவள் இட்டுக்கட்டி... சீ! இன்னும் புத்தி போகவில்லை.

26 ஜனவரி, ஞாயிறு

அந்தப் படத்தைத் தேடினேன். பீரோ, டிரங்குப் பெட்டி, பாரதியின் பழைய புத்தக மூட்டை. கோபிநாத் என்ன தேடுகிறாய் என்று கேட்டார். சொன்னேன். அவர் கிண்டல் செய்யவில்லை. "அவங்க குடுத்த படமா? நீ ஷெல்ஃபுல போட்டியே" என்றார்.

சமையலறை அலமாரி. ஊறுகாய் ஜாடிகளுக்கு அடியில். கெட்டித் தாளாக இருக்கிறதே, எண்ணெய் கீழே இறங்காது என்று விரித்திருக்கிறேன். மூன்று ஜாடியின் வட்டம் அதன் மேல்.

துடைத்துப் பார்த்தேன். விடிகிற நேரம். முன்னால் ஒரு வலைக் குவியல், கயிறு நம் கால் பக்கத்திலிருந்தே ஆரம்பிக்கிறது. அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டே கண் படகுக்குப் போகிறது, படகிலிருந்து கடலுக்கு. தூரத்தில் ஒரு பொம்பளை கூடையை இடுப்பில் வைத்தபடி திரும்பி நிற்கிறாள்.

கடல் கோணல்தான். இடது பக்கம் இறங்கியிருக்கிறது. இன்றைக்குக் காட்டினாலும் எனக்கு அதுதான் முதலில் தெரியும். ஆனால் அன்றைக்கு அதைத் தவிர வேறு எதுவுமே தெரியவில்லையே எனக்கு!

பின்பக்கம் அவள் கையெழுத்து. "கனகசெட்டிக்குளம், 12.1.2020, காலை 6.40. என் முதல் படம். சங்கரிக்கு."

அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதேன். கோபிநாத் வந்து அடுப்பை அணைத்துவிட்டுப் போனார்.

29 ஜனவரி, புதன்

நிஷா இப்போது பேக்கிங் ஆட்களோடு சாப்பிடுகிறாள். நேற்று அந்த மேசையில் எல்லோரும் சிரித்தார்கள். என்னைப் பற்றித்தானோ என்று தோன்றியது. தோன்றத்தான் செய்யும். எனக்குத் தோன்றாமல் வேறு யாருக்குத் தோன்றும்.

மன்னிப்பு கேட்கப் போனேன், இரண்டு தடவை. இரண்டு தடவையும் அவள் "செரி, செரி" என்றாள். அந்த "செரி" ஒன்றையும் உள்ளே விடவில்லை.

31 ஜனவரி, வெள்ளி

டிக்கெட்டின் பி.என்.ஆர். எண்ணைப் போட்டுப் பார்த்தேன். இரண்டு பேருமே இன்னும் இருக்கிறோம். அவள் மறந்துவிட்டாளா, கடைசி நாளில் கேன்சல் செய்யலாம் என்று இருக்கிறாளா?

2 பிப்ரவரி, ஞாயிறு

காலையிலேயே ஸ்கூட்டியில் கனகசெட்டிக்குளம் போனேன். அகல லென்ஸ் மட்டும். அவள் எடுத்த அதே படத்தை எடுத்துப் பார்க்க வேண்டும் என்று ஒரு வீம்பு. வீம்பா, வேறு என்னவோ.

தூரத்தில் நின்று எடுத்தேன். கடற்கரைச் சாலையில் வந்த அதே வெறும் வானம். வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒரு அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார். "அது நிஷாம்மாவோட பொட்டிதான? அவங்க வரல?"

"உங்களுக்கு அவங்களத் தெரியுமா?"

"தெரியாம இன்னா? வாரா வாரம் வந்துடுவாங்க. எம்மவ சீருக்கு அவங்கதான் படம் புடிச்சிக் குடுத்தாங்க." அந்த அம்மாவின் பெயர் லட்சுமி. நான் நின்ற இடத்தைப் பார்த்துச் சிரித்தார். "அவங்க இப்டி எட்ட நிக்க மாட்டாங்க. வலை மேலயே வந்து குந்திக்குவாங்க."

பக்கத்தில் போனேன். வலையை ஒட்டி மண்டி போட்டு உட்கார்ந்தேன். லென்ஸின் ஒரு மூலையில் கயிறு வந்தது. அவ்வளவுதான், எல்லாமே அதனதன் இடத்துக்கு வந்துவிட்டது. படகு பெரிதானது, வானம் பின்னால் போனது. லென்ஸில் கோளாறு இல்லை. நான் நின்ற தூரம்தான் கோளாறு.

ஆனால் ஈர மணல். ஒரு முட்டி மட்டும் இறங்குகிறது, அலை வந்து அடியில் இருக்கிற மண்ணை இழுக்கிறது, கண்ணுக்குள் எல்லாம் நேராகத்தான் தெரிகிறது. வீட்டில் வந்து பார்த்தேன். மொத்தம் அறுபத்திரண்டு படம். ஐம்பத்தெட்டில் கடல் கோணல்.

எஃப் எட்டில்தான் எடுத்தேன். பூஞ்சை எங்கேயும் தெரியவில்லை.

4 பிப்ரவரி, செவ்வாய்

ஐம்பத்தெட்டுக் கோணல் படங்களையும் நிஷாவுக்கு அனுப்பினேன். டாக்குமென்ட்டாக. தேதி, நேரம், எல்லாம் ஒட்டியிருக்கட்டும். கூட ஒரு வார்த்தையும் எழுதவில்லை. எழுதி எழுதி அழித்தேன்.

பார்த்துவிட்டாள் என்று காட்டுகிற நீலக் கோடு வரவில்லை.

5 பிப்ரவரி, புதன்

நீலக் கோடு வந்துவிட்டது. பதில் இல்லை. பி.என்.ஆரில் இரண்டு பேர்.

7 பிப்ரவரி, வெள்ளி

பதில் இல்லை. கேன்டீனில் என் பக்கம் ஒரு தடவை பார்த்தாள், இல்லை என் பின்னால் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். பி.என்.ஆரில் இரண்டு பேர்.

கோபிநாத் எதற்காக அன்றைக்கு உடனே சரி சொன்னார் என்று கேட்டுவிட்டேன். "நீ நாலு நாளு ஊர்ல இருக்க மாட்டியேன்னுதான்" என்றார். முகத்தை எவ்வளவு நேரம் பார்த்தும் கிண்டலா நிஜமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

9 பிப்ரவரி, ஞாயிறு

மதியம் ரயில். இரண்டு பேட்டரியும் சார்ஜ். இரண்டு லென்ஸும் டப்பாவில். காலையில் பி.என்.ஆர். பார்க்கவில்லை. பார்க்கவே கூடாது என்று போனைக் கோபிநாத்திடம் கொடுத்து வைத்தேன். அவள் வராவிட்டால் கேமராவைச் சிராஜ் வீட்டில் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவேன். தனியாக முட்டம் போய் நான் என்னத்தைப் பார்க்கப் போகிறேன்?

10 பிப்ரவரி, திங்கள், நாகர்கோவில்

நான் ஏறும்போதே அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பதினாறு நாளுக்குப் பிறகு அவளாகப் பேசிய முதல் வார்த்தை, "பேட்டரி சார்ஜ் போட்டியா?"

"ரெண்டும் போட்டேன்."

"கார்டு?"

"காலி. எதையும் தோண்டல."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். விழுப்புரம் வரை அப்படியே. அங்கே டீ வாங்கினேன். ஒரு கப்பை வாங்கிக்கொண்டவள், "அம்பத்தெட்டையும் பாத்தேன். டவுன்லோட் ஆவறதுக்கே ஒரு நாளு ஆச்சு" என்றாள். பிறகு, "படத்து நம்பர் வரிசையில நடுவுல நாலு இல்ல. அந்த நாலு எங்க?"

இவளும் என்னை மாதிரியே ஒருத்தி! "அது நேரா இருந்துச்சி. அனுப்பல" என்றேன்.

டீ சிந்துகிற மாதிரி சிரித்தாள். கேன்டீனில் நாலு பேர் முன்னால் சொன்னதை ரயிலில் எட்டுப் பேர் முன்னால் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். எதிர் சீட்டுக்காரர் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். "கத்தாத. டீய குடி" என்றாள் நிஷா. மன்னித்துவிட்டாளா என்று தெரியவில்லை. ஜாடி வட்டம் போட்ட அந்தப் படத்தை எடுத்துக் கொடுத்தேன். வாங்கி, வட்டங்களின் மேல் விரலால் ஒரு சுற்று சுற்றிவிட்டு, தன் பையில் வைத்துக்கொண்டாள். எனக்குத் திருப்பித் தரவில்லை. கேட்கிற யோக்கியதையும் எனக்கு இல்லை.

இன்று சாயங்காலம் முட்டம். அவள் புதுக் கேமரா இன்னும் வாங்கவில்லை, இருப்பது இது ஒன்றுதான். "அந்த பூஞ்ச லென்ஸ மாட்டு" என்றாள். கேமராவின் வாயைக் கீழே பார்க்கப் பிடித்து மாட்டினேன். செம்பாறை, பாறை இடுக்கில் ஏறி இறங்குகிற தண்ணீர், அந்தப் பக்கம் சூரியன். சொல்லாமலே பாறையை ஒட்டிப் போய் மண்டி போட்டேன். எடுத்து அவளிடம் நீட்டினேன். திரையை ரொம்ப நேரம் பார்த்தாள்.

கோணலாகத்தான் இருந்திருக்கும். எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். அவள் அதைச் சொல்லவில்லை. கேமராவை என் கையிலேயே திருப்பி வைத்து, கண்ணில் வைக்கச் சொன்னாள். பிறகு பக்கத்தில் வந்து மண்டி போட்டு, என் இடது முழங்கையை இரண்டு விரலால் கொஞ்சம் தூக்கிவிட்டாள்.